பன்னிரண்டு விசிலுக்கும் வேகாத மொச்சை

மொச்சை வேகவில்லை. மூன்று நாளாக வேகவில்லை.

அங்கமுத்து அதைத் தூக்குவாளியில் போட்டு மடத்துக்கே கொண்டுவந்துவிட்டார். அவருக்கு அறுபத்தாறு வயது. சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இருந்தாலும் சாமிதான் குரு, அங்கமுத்துதான் சீடர்.

"நான் என்ன பாவம் பண்ணினேன் சாமி?"

சாமி தூக்குவாளியைத் திறந்தார். ஒரு மொச்சையை வாயில் போட்டார். கடித்தார். துப்பினார்.

"இது பாவமில்லை பெரியவரே, கல்லு. யார் சமையல்?"

"நானுங்க."

"இந்த வயசுல என்ன திடீர்னு?"

அங்கமுத்து சொன்னார். மனைவி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து பதினாலு நாள். கஞ்சி வைத்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள். இட்லி வைத்தாலும் அதேதான். பேச்சும் இல்லை. எதை வேண்டுமானாலும் கொடுங்கள், சாப்பிட்டால்தான் எழுந்து நடப்பார் என்கிறார் டாக்டர். நான்கு நாளுக்கு முன்னால் வாய் திறந்தாள். மொச்சைக் குழம்பு என்றாள். அதோடு சரி.

"ராத்திரியே ஊறப்போட்டேன் சாமி. எட்டு விசில் விட்டேன். நேத்து பன்னெண்டு. கடையை மாத்திப் பார்த்தேன். கேன் தண்ணி வாங்கினேன். மக போன்ல சோடா உப்புப் போடச் சொன்னா. பொங்கி நுரைதான் வந்துச்சு."

"வீட்டுல கேட்டீங்களா?"

"படுத்திருக்கிறவளைத் தொந்தரவு பண்ணலாமுங்களா? பாத்திரச் சத்தம்கூடக் கேட்கக் கூடாதுன்னு அடுப்படிக் கதவைச் சாத்திக்கிட்டுத்தான் சமைக்கிறேன்."

சாமி எழுந்தார்.

"நடங்க."

வீட்டுக்குப் போனதும் அடுப்படிக் கதவை விரியத் திறந்துவைத்தார். அன்றைக்கும் மொச்சை ஊறியிருந்தது. குக்கரில் கொட்டித் தண்ணீர் விட்டார்.

"அடுத்தது?"

"புளி, உப்பு, மிளகாய்த்தூள். எல்லாம் ஒண்ணாப் போட்டு மூடிருவேன்."

சாமி புளிக்கரைசலைக் கையில் எடுத்தார். உள்ளறையைப் பார்த்துக் கத்தினார்.

"அம்மா! புளியை இப்ப ஊத்தட்டுமா?"

கரண்டியால் குக்கரைத் தட்டினார்.

"ஊத்தறேன்மா!"

"ஐயோ சாமி, ஊத்திப்போடாதீங்க!" கட்டில் கிறீச்சிட்டது. "புளி பட்டா மொச்சை விறைச்சுக்கும். மொதல்ல வெறுந்தண்ணியில வேகட்டும். உப்பும் அப்பறம்தான். இந்த மனுசன் மூணு நாளா இதைத்தான் பண்ணிட்டிருந்தாரா?"

"சோடா உப்பு வேறம்மா."

"சோடா உப்பா! என்னைக் கொல்லப் பார்த்தீங்களா?"

அங்கமுத்து அறை வாசலுக்குப் போய் நின்றார்.

"எத்தனை விசிலு?"

"நாலு. அதுக்குள்ள வெங்காயம் உரிங்க. தேங்கா அரைச்சாச்சா?"

"இல்லை."

"பின்னே என்னத்தைக் கிழிச்சீங்க? கத்திரிக்கா இருக்கா? கொண்டாங்க, முத்தலான்னு பார்க்கணும்."

கொண்டுபோனார். முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவைத்தார். நான்கைத் தள்ளிவிட்டு மூன்றைப் பொறுக்கிக் கொடுத்தாள். கொதிக்கும் குழம்பை இரண்டு தடவை கரண்டியில் எடுத்துவந்து காட்டச் சொன்னாள். முதல் தடவை, "புளி பத்தலை." இரண்டாம் தடவை, "எறக்குங்க."

அரைத்தட்டுச் சோறு சாப்பிட்டாள். மல்லித்தூள் ஜாஸ்தி என்று திட்டினாள். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டாள்.

அங்கமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சாமியின் பின்னாலேயே தெருவரைக்கும் போனார்.

"மொச்சையில இவ்வளவு இருக்கா சாமி? எந்தக் குருகிட்டக் கத்துக்கிட்டீங்க?"

"நானா? எனக்குச் சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாது. இன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன். அந்தம்மா பேர் என்ன?"

அங்கமுத்து அந்தப் பேரைச் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது. வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"பழனாத்தாள்."