கரை ஏன் உடைந்தது?

காட்டுக் குளத்தின் கரை ஒரு பெருமழையில் உடைந்தது. கரைக்குக் கீழே வளையில் குடியிருந்த நீர்நாய் மாயழகிக்கு மூன்று குட்டிகள். ஒன்றைத்தான் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓட முடிந்தது. மற்ற இரண்டையும் வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

மழை விட்டதும் விலங்குகள் உடைப்பை மண் போட்டு அடைத்தன. பிறகு நாவல் மரத்தடியில் கூடின.

"கரை ஏன் உடைந்தது? இன்றே தெரிய வேண்டும்!" என்றது தலைவர் காட்டெருமை.

நரி முன்னே வந்தது. "என் வழி எளிது. ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஏன் உடைந்தது? நீர் கசிந்தது. ஏன் கசிந்தது? ஓட்டை இருந்தது. ஓட்டை ஏன் வந்தது? நண்டு தோண்டியது. முடிந்தது!"

"அரைகுறை!" என்று சிலிர்த்தது முள்ளம்பன்றி. மணலில் மீன்முள் போல ஒரு படம் கீறியது. "நண்டு தோண்டியதும் உண்டு. காட்டெருமைகள் கரையை மிதித்ததும் உண்டு. உபரி நீர் போகும் வழியைப் பாசி அடைத்ததும் உண்டு. எல்லாம் சேர்ந்துதான் கரை போனது!"

"அதுவும் போதாது," என்றது கீரி. "அன்று அவரவர் என்ன பார்த்தார், ஏன் அப்படி நடந்துகொண்டார் என்று பயமில்லாமல் சொல்ல விடுங்கள். ஆள்காட்டிக் குருவி கத்தியதே, ஏன் ஒருவரும் எழுந்திருக்கவில்லை?"

"அது காற்றடித்தாலும் கத்துமே!" என்றது முயல். கூட்டம் சிரித்தது.

எந்த வழி சிறந்தது என்று வாய்ச்சண்டை முற்றியது. மாயழகிக்குப் பொறுக்கவில்லை.

"மூன்றிலும் உண்மை இருக்கிறதே! அந்தப் பாசியையாவது இப்போதே எடுப்போம். மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது, ஐயா!"

"முதலில் வழி முடிவாகட்டும்!" என்று அதட்டியது காட்டெருமை. முள்ளம்பன்றியின் படத்தில் தன் இனத்தின் பெயர் வந்தது அதற்கு உறுத்தியது. "நரி சொன்னதே சரி. நண்டு இந்தக் காட்டை விட்டுப் போகட்டும்!"

நண்டு போயிற்று. எல்லோருக்கும் நிம்மதி. பாசி அப்படியே கிடந்தது. வேறு இடம் அகப்படாமல் மாயழகி பழைய வளைக்கே குட்டியோடு திரும்பியது.

அடுத்த மழையில் கரை மறுபடியும் உடைந்தது. குட்டியை வளையில் விட்டு அக்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்த மாயழகி பதறி ஓடிவந்தது. வளை இருந்த இடத்தில் செம்மண் வெள்ளம் சுழன்றது.

பக்கத்துப் பாறையில் ஆள்காட்டிக் குருவி நடுங்கிக்கொண்டிருந்தது. "கரை கசிந்ததை நேற்றே பார்த்தேன், அக்கா!"

"பார்த்தாயா! பிறகு ஏன் கத்தவில்லை?"

"கத்தினால், 'நீ அங்கே என்ன செய்தாய்?' என்பார்களே! நண்டைத் துரத்தியதுபோல என்னையும் துரத்திவிடுவார்களே!"

மாயழகிக்குக் கோபம்கூட வரவில்லை. குட்டியைக் கூப்பிட்டபடி நீரில் இறங்கியது. வெள்ளம் வடிந்து சேறு காய்ந்த பிறகும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பதில் வரவில்லை.

தவறு எப்படி நேர்ந்தது என்று கேளாமல் பழி சுமக்க ஓர் ஆளைத் தேடும் இடத்தில் உண்மை வாய் திறக்காது, அழிவும் நிற்காது.