யானையும் சாவியும்

தேனம்மை ஆச்சி மடத்துக்கு வந்தால் கார் டிக்கியில் ஒரு பெட்டி பொம்மையாவது இருக்கும். மடத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காரைக் கண்டதும் ஓடிவருவார்கள். இந்த முறை அவள் வெறுங்கையோடு வந்தாள். முந்தானை முனையில் மட்டும் எதையோ முடிந்து, அதை விடாமல் பிடித்திருந்தாள்.

சின்னச் சாமி சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மடத்துப் பெரிய சாமி சமாதியான பிறகு மடம் இவர் கைக்கு வந்தது. ஆச்சியின் கடைசி மகன் வயதுதான் இருக்கும். ஆனாலும் யாரிடமும் தலை குனியாத ஆச்சி, இவர் எதிரில் மட்டும் தரையில் உட்காருவாள்.

தலை குனியாதவள் என்று சும்மா சொல்லவில்லை. புருஷன் விட்டுப்போன நொடித்த பொம்மைக் கடையை எடுத்து நிமிர்த்தியவள். இன்றைக்குச் சென்னைக்கு வெளியே அவளுக்கு ஃபாக்டரி இருக்கிறது. பிள்ளைகள் மனசைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை என்று வியாபாரிகள் சொல்வார்கள். அவளும் மறுத்ததில்லை.

"முகம் சரியில்லையே ஆச்சி" என்றார் சாமி.

"வெக்கமா இருக்கு சாமி. என் ஃபாக்டரிக்கே பின்வாசல் வழியாப் போய்க்கிட்டிருக்கேன்."

சாமி அடுத்த கொத்தவரங்காயை எடுத்தார். ஆச்சி சொல்ல ஆரம்பித்தாள்.

புதுப் பொம்மை எதுவானாலும் கடைக்குப் போகுமுன் அவள் ஃபாக்டரியில் ஒரு சோதனை உண்டு. வேலை செய்கிறவர்களின் பிள்ளை ஒன்றைக் கண்ணாடித் தடுப்பு வைத்த தனி அறையில் உட்காரவைத்துப் பொம்மையைக் கொடுப்பார்கள். பிள்ளை தன்னை மறந்து விளையாடும்போது வெடுக்கென்று பிடுங்கிவிடுவார்கள். எவ்வளவு அழுகிறதோ அவ்வளவுக்குப் பொம்மை விற்கும். இந்த வழியைக் கண்டுபிடித்தது ஆச்சிதான். பிடுங்குகிறதும் அவளேதான், மற்றவர்களுக்கு மனசு வராது. அழுகை ஓய்ந்ததும் பிள்ளைக்கு ஒரு சாக்லேட் கிடைக்கும்.

அன்றைக்குச் சோதனைக்கு வந்தது, சாவி கொடுத்தால் தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு நடக்கும் தகர யானை. வந்த பிள்ளை, பேக்கிங்கில் வேலை செய்யும் குமுதவல்லியின் மகள் தர்ஷிகா. நாலு வயசிருக்கும். யானையோடு சேர்ந்து அவளும் அசைந்து அசைந்து நடந்துகொண்டிருந்தாள். ஆச்சி பிடுங்கிக்கொண்டு கதவுக்குப் போனாள். பின்னால் அழுகைச் சத்தமே இல்லை. பிள்ளை ஓடிவந்து சேலையைப் பிடித்து இழுத்தது.

"மேடம், சாவிய உட்டுட்ட. இது இல்லாட்டி நடக்காது."

ஆச்சி சாவியை வாங்கிக்கொண்டாள். வெளியே வந்து மேனேஜரிடம், பிள்ளை அழவே இல்லை, இந்த யானை போணியாகாது, நிறுத்திவிடுங்கள் என்றாள்.

அதுவரைக்கும் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த குமுதவல்லி, கையைப் பிசைந்தபடி கிட்டே வந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க மேடம். இவ எப்பவும் இப்படித்தான். அடுத்த தபா அழுவச் சொல்லி இட்டாறேன்."

சொல்லிவந்த ஆச்சி சாமியை நிமிர்ந்து பார்த்தாள்.

"பெத்தவ எங்கிட்ட மன்னிப்புக் கேக்குறா சாமி. நான் 'சரி போ'ன்னேன்."

பிறகு ஆச்சி தான் செய்ததையெல்லாம் சொன்னாள். அந்தச் சோதனையை நிறுத்தியாயிற்று. அறையையும் பூட்டியாயிற்று. தர்ஷிகாவை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஏற்பாடும் ஆகியிருக்கிறது. வெட்கம் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பேக்கிங் பக்கம் போக அவளுக்குக் கால் வரவில்லை.

"யானையையும் சாவியையும், கூட இன்னும் நாலு நல்ல பொம்மையையும் பெட்டியில போட்டு டிரைவர்கிட்ட அவ வீட்டுக்குக் குடுத்தனுப்பலாம்னு இருக்கேன். அப்பவாவது இது தீருமா சாமி?"

முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைத் தரையில் வைத்தாள். சின்னத் தகரச் சாவி. சாமி கத்தியைக் கீழே வைத்துவிட்டு அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளைகிட்ட நீங்க பிடுங்கினது எது?"

"யானை."

"இது?"

"இது அவளாக் குடுத்தா."

"அப்ப யானையைத் திருப்பிக் குடுத்துடுங்க. இதைக் குடுக்காதீங்க. ஆசையாக் குடுத்ததைத் திருப்பிக் குடுத்தா பிள்ளை மனசு நோகும்."

சாவியை அவள் பக்கமாகத் தரையில் நகர்த்தி வைத்தார்.

"சாவி இல்லாம அதை வச்சு அவ என்ன பண்ணுவா சாமி? நடக்காதே."

"நடக்காது."

"நடக்காத பொம்மையவா அனுப்பச் சொல்றீங்க?"

"அனுப்பச் சொல்லலையே ஆச்சி. யானை நடக்கணும்னா சாவி வச்சிருக்கிறவங்க போய், அந்தப் பிள்ளை பக்கத்துல தரையில உக்காரணும்."

ஆச்சி சாவியை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது.

"அவ அம்மா பாத்துக்கிட்டு நிப்பாளே சாமி."

சாமி நறுக்கிய காயைத் தட்டோடு எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அன்னைக்கும் பாத்துக்கிட்டுத்தானே நின்னா. இதையும் பாக்கட்டும்."