மன்னர் பல்லுக்கு இரண்டு ஓலைகள்

முன்னொரு காலத்தில் முல்லைவள நாட்டைக் கொற்றவேந்தன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் யாராவது புகழ்ந்துவிட்டால் போதும், தலைகால் புரியாது! அவருக்கு ஒருநாள் பல்வலி வந்தது.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. வைத்தியர் மன்னரிடம் வாய்திறந்து எதுவும் கேட்கக் கூடாது. ஓலையில் எழுதியிருப்பதை மட்டும் செய்ய வேண்டும். ஓலை எழுதுவது அமைச்சர் தில்லைக்கண்ணுவின் வேலை. அவர் விளக்கைப் பிடித்துப் பார்த்து எழுதினார்:

"கீழ்வரிசை, இடப்பக்கம், கடைசிக்கு முந்தைய பல். அதில் மிளகளவு கறுப்புக் குழி. குளிர்ந்த நீர் பட்டால் வலிக்கிறது. காரணம் தெரியவில்லை. அந்தப் பல்லை எடுக்கவும்."

அமைச்சர் பதவிமேல் வெகுநாளாகக் கண்வைத்திருந்த பொன்னம்பலப் புலவர் அதை வாங்கிப் படித்தார். "மன்னா, சந்தையில் மாட்டுக்குப் பல் பார்த்த மாதிரி அல்லவா எழுதியிருக்கிறார்! தங்கள் திருவாயில் கறுப்புக் குழியா?"

மன்னருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அமைச்சரே, இதுதான் மரியாதையா?"

"பார்த்ததை எழுதினேன் மன்னா. பார்க்காததை எழுதவில்லை."

"பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போய்விடும்! புலவரே, ஓலையை நீர் எழுதும்."

பிறந்த மண்ணை விட்டு எங்கே போவது? ஆனாலும் தில்லைக்கண்ணு சமாளித்துக்கொண்டு கும்பிட்டார். "ஒரே ஒரு வேண்டுகோள். புலவர் எழுதியதை வைத்தியர் எழுத்துப் பிசகாமல் செய்யட்டும். அதைப் பார்த்துவிட்டுப் போகிறேன்."

"அப்படியே ஆகட்டும்!"

குறடும் கையுமாக வந்த வைத்தியர் புலவரின் ஓலையை உரக்கப் படித்தார். "மன்னர் வாயில் வாடி வருந்தும் ஒளிமுத்தை எடுக்கவும். அங்குள்ள அத்தனையும் ஒளிமுத்துகளே!"

வைத்தியர் தலையைச் சொறிந்தார். கேட்கவோ வழியில்லை. "அத்தனையும் முத்து என்றால் அத்தனையையும் எடுக்க வேண்டியதுதான். முன்பல்லில் ஆரம்பிக்கிறேன்" என்று குறடை நீட்டினார்.

மன்னர் அலறிக்கொண்டு சிம்மாசனத்தின் மேலேயே ஏறிவிட்டார். "ஐயோ, அது இல்லை! கீழ்வரிசை! இடப்பக்கம்! கடைசிக்கு முந்தினது! கறுப்புக் குழி இருக்குமே, அது!"

"மன்னா, நான் எழுதியதைத்தான் தாங்கள் சொல்கிறீர்கள்" என்றார் தில்லைக்கண்ணு பணிவாக. சபையில் சிரிப்பை அடக்க முடியாமல் பாதிப்பேர் குனிந்துகொண்டார்கள்.

அமைச்சரின் ஓலைப்படியே நொடியில் பல் வெளியே வந்தது, வலியும் போனது. மன்னர் அமைச்சருக்குத் தம் முத்துமாலையை அணிவித்து, "நீர் எங்கும் போகக் கூடாது" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பிடுங்கிய பல்லைப் புலவரின் உள்ளங்கையில் வைத்தார்.

"என்ன தெரிகிறது? உள்ளதைச் சொல்லும்."

புலவர் குனிந்து உற்றுப் பார்த்தார். "பல்... மஞ்சள் நிறம்... நடுவே ஒரு குழி."

மன்னர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இருபது வருஷமாக உம் பேச்சைக் கேட்கிறேன் புலவரே, இன்றைக்குத்தான் நம்புகிறேன்!"