வால் விட்ட போர்வை

ஒரு ஊர்ல ஒரு நூல் வெட்டுறவ இருந்தா. பேரு மயிலாத்தா. எந்த ஊரு, எந்த வருசம்னு கேக்காத கண்ணு. பனியன் கம்பெனி இருக்குற ஊரெல்லாம் ஒரே ஊருதான். நீ ம் சொல்லிக்கிட்டே வா. ம் நின்னா கதையும் நின்னு போகும்.

ம்.

அந்தக் கம்பெனியில தையக்காரங்க தடதடதடன்னு தெப்பாங்க. தெச்ச பனியனெல்லாம் தொப்பு தொப்புன்னு ஒரு நீள மேசையில வந்து விழும். மேசைக்கு ரெண்டு பக்கமும் நாப்பத்திரெண்டு பொம்பளைங்க. ஆளுக்கு ஒரு குட்டிக் கத்திரி. பனியனப் பொரட்டணும், எங்க நூல் தொங்குதோ அங்க க்ளிக். பொரட்டு, க்ளிக். காலையில சங்கு ஊதுனா ஆரம்பிக்கும், பொழுது சாஞ்சு சங்கு ஊதுற வரைக்கும் க்ளிக் க்ளிக் க்ளிக்குதான். அவங்க பாத்துக் குடுக்காம ஒத்தப் பனியன் பெட்டிக்குள்ள போகாது. இத ஞாபகம் வெச்சுக்க, பின்னாடி வேணும்.

இத்தன வேலையும் நின்னுக்கிட்டே. உக்கார ஒரு பலகை கெடையாது. "நின்னு பாத்தாத்தான் குறை கண்ணுல படும்"பாரு முதலாளி. அவரு இதச் சொல்றது எங்க இருந்து? சுத்துற நாற்காலியில உக்காந்துக்கிட்டு. கிர்ர்ர்னு இந்தப் பக்கம் ஒரு சுத்து, கிர்ர்ர்னு அந்தப் பக்கம் ஒரு சுத்து. மயிலாத்தாளுக்குப் பதினோரு வருசம் நின்ன காலு. கெண்டைக்கால்ல நரம்பு வெத்தலக்கொடியாட்டம் சுருண்டு ஏறியிருந்துச்சு. வீட்டுக்குப் போயி படுத்தாலும் காலு மட்டும் இன்னும் எங்கயோ நின்னுக்கிட்டு இருக்குற மாதிரியே இருக்கும் அவளுக்கு.

முழிச்சிருக்கியா?

ம்.

அப்புறம், அந்தப் பொம்பளைங்ககிட்ட ஒரு வெளையாட்டு இருந்துச்சு. பனியன் வெட்டுனது போக மிச்சம் துண்டுத்துணி மூட்டை மூட்டையாக் கெடக்கும். அதப் பொறுக்கி, ஒண்ணோட ஒண்ண ஒட்டுப்போட்டு, குட்டிப் போர்வை தெப்பாங்க. ஒரு முழம் நீளம், ஒரு முழம் அகலம், அவ்வளவுதான். யாரும் போத்திக்க முடியாது, பூனைக்கு வேணும்னா பத்தும். மாசத்துக்கு ஒரு தலைப்பு. ஒரு மாசம் கோழின்னா எல்லாருக்கும் கோழி. ஒரு மாசம் "அம்மா வெக்கிற கொழம்பு." அந்த மாசம் பேபியக்கா செவப்புத் துணியிலயே வட்டமாத் தெச்சுக் கொண்டாந்தா.

"என்னக்கா இது, பொட்டா?"

"போடி. எங்காத்தா வெக்கிற பூண்டுக் கொழம்பு. பாத்தாலே நாக்கு எரியல?"

மாசக் கடைசிச் சனிக்கிழம சாப்பாட்டு நேரத்துல சீட்டுக் குலுக்கி, இவளுது அவளுக்கு, அவளுது இவளுக்குன்னு மாத்திக்குவாங்க. அதுல ஒரு வழக்கம். தெச்சு முடிச்சதும் கடைசி நூல வெட்ட மாட்டாங்க. சாண் நீளத்துக்குத் தொங்கவிட்டுத்தான் குடுக்கணும். அதுக்குப் பேரு வால். வாங்குறவதான் தன் கையால வாலுக்கு முடிச்சுப் போடணும். அப்பத்தான் போர்வை முடிஞ்ச கணக்கு. இத ஆரம்பிச்சு வெச்சது மயிலாத்தாதான். "நாளு பூரா ஊரான் பனியன்ல நூல் வெட்டுறோம். நம்ம துணியிலயாவது ஒரு நூல் இஷ்டத்துக்குத் தொங்கட்டுமே"ன்னா.

அப்போ ஒரு நாளு, கப்பல்ல சரக்கு வாங்குற வெளிநாட்டுக்காரங்க வந்தாங்க. மேசை ஓரத்துல குத்தி வெச்சிருந்த ஒரு குட்டிப் போர்வையப் பாத்துட்டு, ஆகா ஓகோன்னாங்க. முதலாளிக்கு மூளை கிர்ர்ர்னு சுத்துச்சு. மறுநா மைக்கப் புடிச்சாரு. "மூணு மாசம், மூணு போட்டி. தலைப்பு நான் குடுப்பேன். ஜெயிக்கிறவ கேக்குறத நான் தருவேன்."

மயிலாத்தா கையில கத்திரி நின்னு போச்சு.

"பேபியக்கா, எது கேட்டாலுமாம்."

"நீ என்னடி கேப்ப?"

"உக்காரக் கேப்பேன். நம்ம எல்லாத்துக்கும் ஆளுக்கொரு ஸ்டூலு."

"ஸ்டூலா! நான் மைசூர் பாக்குன்னு நெனச்சேன்"னா பேபியக்கா. ஆனா சிரிக்கல. அவ காலும் அதே காலுதான்.

மொத மாசத் தலைப்பு பூ. எல்லாரும் ரோசாப்பூ, மல்லியப்பூன்னு தெச்சாங்க. மயிலாத்தா எருக்கம்பூ தெச்சா. யாரும் தண்ணி ஊத்தாம, யாருக்கும் கும்புடு போடாம, ரோட்டோரத்துல தானா நின்னு பூக்குற பூ. ஊதா நெறத் துணிய நகக்கண்ணு அளவுக்கு வெட்டி வெட்டித் தெச்சிருந்தா. பாத்தவங்க வாயில ஈ போறது தெரியல. அப்போ மேனேஜர் வந்தாரு. அவரு கழுத்துல எப்பவும் ஒரு விசிலு தொங்கும், அதனால விசிலுன்னே அவருக்குப் பேரு. போர்வையப் பொரட்டிப் பாத்தாரு. பீப்!

"நூல் தொங்குது. முடிக்காத வேல. தள்ளு."

அய்யோ! பழக்கத்துல வால் விட்டுட்டா கண்ணு. நாளைக்கு ஆயிரம் நூல் வெட்டுறவ, தன்னோடத வெட்ட மறந்துட்டா.

"அது வழக்கமுங்க. வாங்குறவங்க முடிச்சுப் போடணும்."

"நீயே செக்கிங்காரி, எனக்கு நூல் பத்திப் பாடம் நடத்துறியா?" பீப்!

பரிசு விசிலோட மச்சினிச்சிக்குப் போச்சு. என்ன வேணும்மான்னு முதலாளி கேட்டதுக்கு, "உங்க ஆசீர்வாதம் போதுங்க சார்"னா அவ. அத ரெண்டு கையாலயும் குடுத்தாரு. அதுக்குச் செலவா இருக்கு?

ம்?

ம்.

ரெண்டாவது மாசத் தலைப்பு மழை. மயிலாத்தா சாம்பல் துணியில வானம் தெச்சா. கீழ ஒரு வாசப்படி, வாசப்படியில ஒரு ஜோடிச் செருப்பு நனையுது. அவ்வளவுதான். ஆனா பாத்தா உனக்கு ஜில்லுனு இருக்கும். கடைசியில வால் வந்துச்சு. கத்திரிய எடுத்தா, வெச்சா. எடுத்தா, வெச்சா. காலு விண்ணு விண்ணுனு தெறிச்சுது. தானே முடிச்சுப் போட்டு, க்ளிக். பதினோரு வருசத்துல எத்தன லட்சம் க்ளிக். இந்த ஒரு க்ளிக் மட்டும் அவ காதுல வேற மாதிரி விழுந்துச்சு.

ஜெயிச்சுட்டா. மைக்க அவகிட்டக் குடுத்தாங்க. "உக்கார ஸ்டூலு வேணுமுங்க"ன்னா.

முதலாளி சிரிச்சாரு. "அவ்வளவுதானே! ஜெயிச்சவ ஒருத்தி, ஸ்டூலும் ஒண்ணு."

புது ஸ்டூலு, செவப்பு பிளாஸ்டிக்கு. நாப்பத்திரெண்டு பேரு நிக்குற மேசையில மயிலாத்தா பக்கத்துல கொண்டாந்து டொக்குனு வெச்சாங்க. அந்தப் பக்கம் இருந்து தங்கமணி சொன்னா. தங்கமணி இருபது வயசுப் புள்ள, வாய் நீளம். "மகராசிக்குச் சிம்மாசனம் வந்துருச்சு. இனி நாங்க வெஞ்சாமரம் வீசணுமாக்கா?"

மயிலாத்தா காலு ரெண்டும் அந்த ஸ்டூலப் பாத்துக் கெஞ்சுச்சு. உக்காரு, உக்காரு, உக்காருன்னு. அவ மனசுக்குள்ள ஒண்ணு ஓடுச்சு: நாப்பத்திரெண்டு பேருல ஒருத்தி உக்காந்தா, மிச்ச நாப்பத்தொரு பேரும் அவளத்தான் மொறச்சுப் பாப்பாங்க. முதலாளியப் பாக்க மாட்டாங்க. அதுக்குத்தான் இந்த ஸ்டூலு. வாலுக்குத் தனியா முடிச்சுப் போட்டு வெட்டுனேன், தனி ஸ்டூலுதான் கெடச்சுது.

டீ கேனத் தூக்கி அந்த ஸ்டூல் மேல வெச்சா. "அதுவும் பாவம், காலையில இருந்து நிக்குது"ன்னா.

தங்கமணிக்கு மொகம் சுண்டிப் போச்சு. மெல்லமா, "அடுத்த போட்டிக்கு என்னக்கா பண்றது?"ன்னு கேட்டா.

"ஒருத்தி ஜெயிச்சது போதும் அம்மிணி. வால் விடலாம். இந்தத் தடவ ஆளுக்கு நாலு மூலைக்கும் நாலு வால்."

தூங்கிட்டியா? இல்லையே? இப்பத்தான் கதையே.

ம்.

மூணாவது மாசத் தலைப்பு "எங்கள் கம்பெனி, எங்கள் பெருமை." வெளிநாட்டுக்காரங்க பாக்க வர்ற நாளு. தோரணம், ரேடியோ செட்டு, தட்டு நெறைய லட்டு. நாப்பத்திரெண்டு குட்டிப் போர்வையும் மேசையில வரிசையா இருந்துச்சு. விசிலு வந்து மொதப் போர்வையப் பாத்தாரு. ரெண்டு காலு. அடுத்ததப் பாத்தாரு. ரெண்டு காலு. எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு காலு! பித்தவெடிப்பும் மெட்டியுமா ஒண்ணு, அது பேபியக்காளோடது. சுண்டுவெரலு மடங்குனது ஒண்ணு, அது தங்கமணி. பச்சை நூல்ல வெத்தலக்கொடி ஏறுனது ஒண்ணு. அது யாருதுன்னு உனக்கே தெரியும்.

"என்ன இது காலு?"

"பெருமையத் தெக்கச் சொன்னீங்க. உங்க கம்பெனிய நிக்க வெச்சிருக்குறது இதுதானுங்களே"ன்னா மயிலாத்தா.

"எல்லாத்துலயும் நூல் தொங்குது!"

"ஆமாங்க. இன்னும் முடியல."

சொல்லிட்டு, தன் போர்வைய எடுத்துத் தரையில விரிச்சா. பேபியக்கா தன்னோடதப் பக்கத்துல விரிச்சா. இவ வாலும் அவ வாலும் சேத்து ஒரு முடிச்சு. தங்கமணி வந்தா, ஒரு முடிச்சு. சரசரசரன்னு நாப்பத்திரெண்டு பேரும் வந்தாங்க. ஆறு வரிசை, வரிசைக்கு ஏழு. மூலைக்கு மூலை முடிச்சு. கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள பூனைக்குப் பத்துற போர்வையெல்லாம் ஒரு கல்யாண ஜமுக்காளமா ஆயிருச்சு. அப்புறம் எல்லாரும் அதுமேல உக்காந்தாங்க. ஆளுக்கு ஒரு முழம் எடம், முட்டியோட முட்டி இடிக்க. தன்னோடதுல தான் உக்காரல, கவனி. பக்கத்துக்காரி காலு மேல இவ, இவ காலு மேல அவ. மாத்திக்கிட்டாங்க, வழக்கப்படி.

பதினோரு வருசத்துல வேல நேரத்துல மொத மொத உக்காந்தா மயிலாத்தா. ஆத்தாடின்னு ஒரு மூச்சு வந்துச்சு பாரு, அது இன்னும் என் காதுல இருக்கு.

அப்போ விசிலு ஊதுனாரு. பீப்! "எந்திரி!" பீப்! பீப்! பீ... ஃபூ. மூச்சு வாங்கி அவரு உக்காந்துட்டாரு. இவங்களும் உக்காந்தே இருந்தாங்க.

அப்புறம் முதலாளி வந்தாரு. தேனா ஒழுகுச்சு பேச்சு. "நீங்கெல்லாம் என் கூடப் பொறந்தவங்க மாதிரி. லட்டு எடுத்துக்கங்க, எந்திரிங்க." லட்டு எடுத்துக்கிட்டாங்க. எந்திரிக்கல.

தையக்காரங்க பாட்டுக்குத் தடதடதட. பனியன் தொப்பு, தொப்பு, தொப்பு. வெட்ட ஆளில்லாம மேசை மேல மலை ஏறுது, மலை சரிஞ்சு தரையில விழுது. வாசல்ல லாரி டர்ர்ர்ருன்னு உறுமிக்கிட்டு நிக்குது. ஞாபகம் இருக்கா, என்ன சொன்னேன்? அவங்க பாக்காம ஒத்தப் பனியன் பெட்டிக்குள்ள போகாது. வெளிநாட்டுக்காரங்க காப்பாத்துனாங்கன்னு மட்டும் நெனச்சுக்காத. அதுல ஒரு அம்மா அந்தப் பெரிய போர்வை என்ன வெலைன்னு கேட்டாங்க, அவ்வளவுதான்.

விசிலும் லட்டும் பலிக்காம, மூணாவதா முதலாளி மயிலாத்தாள மட்டும் தனியாக் கூப்பிட்டாரு. அவ உக்காந்த எடத்துலயே இருந்ததால அவரேதான் குனிஞ்சு வர வேண்டியதாப் போச்சு. காதுக்குள்ள சொன்னாரு. "உன்ன சூப்பர்வைசர் ஆக்குறேன். என் நாற்காலியாட்டமே ஒண்ணு போட்டுத் தர்றேன், சுத்துற நாற்காலி."

மயிலாத்தா சத்தமாவே பதில் சொன்னா, எல்லாருக்கும் கேக்குற மாதிரி. "ஒத்த ஸ்டூலு ஏற்கனவே குடுத்தீங்க. அதுல டீ கேன் உக்காந்திருக்குது. எங்களுக்கு நாப்பத்திரெண்டு வேணுமுங்க."

லாரி டர்ர்ர்ருன்னுச்சு. முதலாளி லாரியப் பாத்தாரு, மலையப் பாத்தாரு, காலுங்களப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு, முதலாளி முதலாளிதானே: "ஒண்ணு குடுத்தாச்சுல்ல? அப்ப நாப்பத்தொண்ணு."

குபீர்னு சிரிச்சாங்க பாரு நாப்பத்திரெண்டு பேரும்! ரேடியோ செட்டே அமுங்கிப் போச்சு.

"சரிங்க, நாப்பத்தொண்ணு"ன்னா மயிலாத்தா. "மொதல்ல வரட்டும். அப்புறம் எந்திரிக்கிறோம்."

சாயங்காலச் சங்கு ஊதுறதுக்கு முன்னாடி டெம்போ வந்துச்சு. டொக், டொக், டொக்குனு எறக்குனாங்க. நாப்பத்தொண்ணும் எறங்குன பொறகுதான் எந்திரிச்சாங்க. எந்திரிச்சு, மேசைக்கிட்டப் போயி, மறுபடி உக்காந்தாங்க. க்ளிக், க்ளிக், க்ளிக்.

பின்னாடி முதலாளி பேப்பர்க்காரனக் கூப்பிட்டு, "நானே எரக்கப்பட்டு வாங்கிக் குடுத்தேன்"னு போட்டோ புடிச்சுக்கிட்டாரு. புடிக்கட்டும். யாரு உக்காந்ததால ஸ்டூலு வந்துச்சுன்னு ஸ்டூலுக்குத் தெரியும்.

ம்?

...

ம் சொல்ல மாட்டியா? சரி, இன்னும் கொஞ்சம்தான். அந்த மாசக் கடைசிச் சனிக்கிழம, போர்வை முடிச்செல்லாம் அவுத்து, சீட்டுக் குலுக்கி, ஆளுக்கொண்ணு எடுத்துக்கிட்டாங்க. பச்சைக் கொடி ஏறுன காலு எனக்கு விழுந்துச்சு. மூணு வாலுக்கு நான் முடிச்சுப் போட்டுட்டேன். நாலாவத விட்டு வெச்சேன். உன் நெஞ்சு மேல கெடக்குது பாரு, அதுதான். வாங்குறவதான் கடைசி முடிச்சுப் போடணும். இப்ப வேண்டாம், விரல்ல சுத்திப் புடிச்சுக்க, காலையில போட்டுக்கலாம்.

கதை முடிஞ்சுது, முடிச்சு மிச்சமிருக்கு. தூங்கு.