துருப் பிடிக்காத கத்திக்கு என்னதான் பிடிக்கும்?

சிப்பித்துறைக் கடற்கரையில் உப்புக்காற்று விட்டுவைத்த இரும்பு எதுவும் கிடையாது. பூட்டும் துருவேறும், சாவியும் துருவேறும், கடைசியில் ஒன்றுக்கொன்று அடையாளம் தெரியாமல் போகும். அந்த ஊரில் இஞ்ஞாசி, சவரிமுத்து, கபிரியேல் என்று மூன்று அண்ணன் தம்பிகள் வல்லம் என்ற எஞ்சின் படகு ஒன்றை வைத்து மீன் பிடித்து வந்தார்கள். உழைப்பில் குறை சொல்ல முடியாது. யார் எதைச் சொன்னாலும் சொன்ன சொல் மாறாமல் அப்படியே செய்வார்கள். சிக்கலே அதுதான்.

மாதாகோயில் திருவிழாக் கடையில் மூத்தவர் இஞ்ஞாசி ஒரு மடக்குக் கத்தி வாங்கினார். அலகில் ரம்பம் மாதிரிச் சின்னச் சின்னப் பற்கள். கடைக்காரர் நல்ல மனுஷன், விவரமாகவே சொன்னார்: "அண்ணாச்சி, இதுக்குத் துருப் பிடிக்காது. நைலான் கயிறா இருந்தாலும் ஒரே கடியில துண்டாக்கிரும்."

வீட்டுக்கு வந்ததும் கத்தியை நடுவில் வைத்து மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"இதுக்குத் துருப் பிடிக்காதாம்ல," என்றார் இஞ்ஞாசி.

"பிடிக்காதத அது கண்ணு முன்னால வைக்கப்படாது," என்றான் சவரிமுத்து.

"அப்ப என்ன பிடிக்கும்?" என்று கேட்டான் கடைக்குட்டி கபிரியேல்.

இஞ்ஞாசிக்கு முகம் விழுந்துவிட்டது. அதைக் கேட்காமல் வந்துவிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால் கடைக்காரர் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊர்த் திருவிழாவுக்குக் கிளம்பியாயிற்று.

"பல்லு இருக்குல்லா. குடுத்துப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது," என்றான் சவரிமுத்து.

முதலில் வெங்காயம் கொடுத்தார்கள். அலகில் நீர் துளிர்த்தது. "அழுவுதுண்ணே, எடுத்துரு!" தக்காளியை நசுக்காமல், சாறு சிந்தாமல் அறுத்தது. "எவ்வளவு நாசூக்கா சாப்பிடுது பாத்தியா!" கருவாட்டில் வைத்து அழுத்தியபோது முள்ளுக்குள் பல் மாட்டிக்கொண்டு வரவே மறுத்தது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கருவாடுதான். அன்றிலிருந்து கத்திக்குக் காலையும் மாலையும் கருவாடு.

சாப்பிட்டால் பல் தேய்க்க வேண்டாமா? இஞ்ஞாசியின் மனைவி ரெஜினா ஒருநாள் கொல்லைக்குப் போனபோது, சவரிமுத்து தன்னுடைய பிரஷ்ஷால் கத்திக்குப் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

"எய்யா, ஒங்க பிரஷ்ஷயா கெடுக்கிறிய?"

"மொதல்ல வெரலாலதான் தேச்சேன் மதினி," என்று துணி சுற்றிய விரலைக் காட்டினான். "கடிச்சிட்டு."

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய், புட்டுக்குத் தேங்காய் துருவ உட்கார்ந்தாள். இஞ்ஞாசி பதறிக்கொண்டு ஓடிவந்தார். "ஏட்டி, என்ன செய்த?"

"துருவல்."

"துருவா? கத்தி இருக்கிற வீட்டுலயா? வெளிய கொண்டு போ!"

அன்று புட்டு தேங்காயில்லாமல் வெந்தது.

மறுநாள் கடலுக்குப் புறப்பட்டபோது பெரிய பிரச்சினை ஒன்று எழுந்தது. வல்லத்து நங்கூரம் முழுக்கத் துரு.

"கத்தி மூஞ்சியப் பாரு, வாடிப்போச்சு," என்றான் கபிரியேல்.

"நங்கூரம் இல்லாம எப்படில போக?" என்றார் இஞ்ஞாசி.

"நங்கூரம் நம்ம வீட்டு ஆளு, கோவிச்சுக்காது. கத்தி புதுசா வந்தது."

நியாயமாகப் பட்டது. நங்கூரத்தைக் கரையிலேயே விட்டு, பனையோலை போட்டு மூடினார்கள். வழியில் கத்திக்குக் கருவாடு கொடுத்து, மடக்கி, இஞ்ஞாசியின் சட்டைப் பைக்குள் தூங்கவைத்தார்கள்.

நடுக்கடலில் வலையை விட்டுவிட்டு எஞ்சினை நிறுத்தியதும், பிடித்து நிறுத்த ஆளில்லாத வல்லம் நீரோட்டத்தோடு தன் இஷ்டத்துக்குப் போக ஆரம்பித்தது. எதிரே கரும்பாறைகள். அவற்றில் அலை மோதும் சத்தம் வரவரப் பெரிதாகக் கேட்டது. எஞ்சினை அவசரமாகக் கிளப்பியபோது வலைக்கயிறு நீருக்குள் சுழலும் எஞ்சின் விசிறியில் போய்ச் சுற்றிக்கொண்டது. எஞ்சின் ஒரு தும்மல் தும்மி நின்றது.

கபிரியேல் விசிறியை எட்டிப் பார்த்தான். "அண்ணே, கத்திய எடு!"

"இப்பத்தாம்ல கண்ணசந்திருக்கு," என்றார் இஞ்ஞாசி தாழ்ந்த குரலில்.

"தட்டி எழுப்பு!"

"தூக்கத்துல எழுப்பினா எம்புட்டுப் பெரிய மனுஷனும் கடிக்கத்தான் செய்வான். இதுக்கு வாய் பூரா பல்லு."

நல்லவேளையாகப் பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த அதே ஊர்க்காரர் லூர்தையா பார்த்துவிட்டார். தன் படகைக் கொண்டுவந்து ஒரு கயிற்றை வீசினார். அதை வல்லத்து முனையில் கட்டினார்கள். அவர் இழுக்கத் தொடங்கினார். ஆனால் விசிறியில் சிக்கிய வலை கனத்துப் பின்னால் இழுத்தது.

"கயித்த அறுங்கல! சீக்கிரம்!" என்று கத்தினார் லூர்தையா.

எந்தக் கயிறு என்று அவர் சொல்லவில்லை. வலைக்கயிறு தண்ணீருக்கடியில் இருந்தது. கண்ணுக்கு முன்னால் இருந்தது ஒரே கயிறுதான். இஞ்ஞாசி கத்தியை மெள்ள விரித்து, லூர்தையா வீசிய கயிற்றில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். சடக்!

"ஒரே கடி!" என்று மூவரும் கைதட்டினார்கள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

பாறை இன்னும் கிட்டே வந்திருந்தது. லூர்தையா தாம் அறிந்த வசவுகளையெல்லாம் சொல்லிக்கொண்டே திரும்பி வந்து, கத்தியைப் பிடுங்கி, தாமே குனிந்து வலைக்கயிற்றை அறுத்துவிட்டு, தாமே புதுக்கயிறு கட்டினார். பிறகு விரலை நீட்டிச் சொன்னார்: "கரை வர்ற வரைக்கும் எவனும் எடத்த விட்டு அசையப்படாது!"

மூவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். மூச்சுகூட அளந்துதான் விட்டார்கள். வல்லம் பத்திரமாக வந்து மணலில் ஏறியது. லூர்தையா கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மீன் விற்கப் போனார்.

வெயில் உச்சிக்கு வந்தது. வீட்டுக்கு வராத ஆட்களைத் தேடிச் சோற்றுவாளியோடு வந்த ரெஜினா, மணலில் நின்ற வல்லத்துக்குள் மூவரும் சிலைபோல உட்கார்ந்திருப்பதைக் கண்டாள்.

"எறங்காம என்ன செய்திய?"

"கரை வரட்டும்னு இருக்கோம்," என்றார் இஞ்ஞாசி, தலையை அசைக்காமல்.

"கரைக்குத்தான வந்திருக்கிய!"

"வந்தது நாங்கட்டி. கரை இன்னும் வரல."

ரெஜினா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். பசிக்குமே என்று சோற்றுவாளியோடு வல்லத்தை நோக்கி நடந்தாள்.

கபிரியேல் கனிவோடு தடுத்தான். "வெயில்ல ஏன் மதினி அலையிறிய? வாளிய அங்கனயே வச்சிட்டுப் போங்க. கரை வரும்போது சோறும் கூடவே வந்துரும்."