உவமை ஒழிந்த நாட்டில் ஒரு வயிற்றுவலி

“உவமை என்பது பொய்க்குப் போர்த்திய பட்டாடை. அதை உரித்துவிட்டால் உலகில் அறியாமையே மிஞ்சாது!”

முன்னொரு காலத்தில், ஓர் அரசவையில், தர்க்க சிங்கம் நெடுமொழியார் இப்படி முழங்கினார். அந்தப் பட்டாடையை நெய்தவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. மன்னருக்கு எதுவும் புதிதாக இருந்தால் போதும். அரண்மனையில் எல்லோரும் பின்பக்கமாகவே நடக்க வேண்டும் என்ற ஆணையைச் சமையற்காரர்கள் கெஞ்சிய பிறகுதான் திரும்பப் பெற்றிருந்தார். உடனே புதுச் சட்டம் பிறந்தது: அறிவு சம்பந்தப்பட்ட பேச்சில் ‘போல’ என்று சொல்கிறவர் நாடு கடத்தப்படுவார்; எந்தச் சொல்லையும் நேர்ப்பொருளில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நாட்டின் பெயரே ஒரு பூவை ஒட்டி வைத்தது என்பதால் அதையும் அழித்துவிட்டார்கள். அது எந்த நாடு என்று என்னால் சொல்ல முடியாததற்குக் காரணம் அதுதான்.

சட்டத்துக்கு உள்காரணம் ஒன்று உண்டு. விகடகவி அந்துவன் எதைச் சொன்னாலும் உவமையோடு சொல்வான், மன்னர் சிரிப்பார். நெடுமொழியார் எதைச் சொன்னாலும் மன்னர் கொட்டாவி விடுவார்.

சட்டம் நன்றாகவே வேலை செய்தது. முன்பெல்லாம் கிரகணத்தை விளக்க வரும் வான சாஸ்திரி கையில் ஒரு விளக்கும் பூசணிக்காயும் எலுமிச்சையும் இருக்கும். இப்போது வெறுங்கையோடு வந்து, “நிலவு மறைகிறது” என்றார்.

“ஏன் மறைகிறது?”

“மறைக்கப்படுவதால், அரசே” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

“என்ன தெளிவு!” என்று நெடுமொழியார் மெய்சிலிர்த்தார்.

இந்தத் தெளிவைக் கொண்டாட விருந்து நடந்தது. மன்னர் பலாச்சுளையைத் தேனில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டார். பக்கத்து இலையில் நெடுமொழியாரும் சளைக்கவில்லை. மறுநாள் காலை மன்னர் சிம்மாசனத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார்.

அரண்மனை வைத்தியர் ஆதிரையம்மை இரண்டு கிண்ணங்களோடு ஓடி வந்தார்.

“வலி எப்படிப்பட்டதோ அதற்கேற்ற மருந்து, அரசே. மாற்றிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. எப்படி வலிக்கிறது?”

“குத்துகிற...” என்று மன்னர் தொடங்கியதுமே தளபதி, சட்டப்படி, வாளை உருவிக்கொண்டு குத்தியவனைத் தேடித் திரைக்குப் பின்னால் பாய்ந்தார்.

“இல்லையய்யா, குத்தவில்லை. இது வேறு... பிசைகிறது என்று...”

“பிசைவதற்கு உள்ளே கை ஏது, அரசே?” என்றார் நெடுமொழியார் பணிவாக. “இதுவும் ஒளித்து வைத்த உவமைதான். சரியான சொல்: வலிக்கிறது.”

“வலிக்கிறது என்று எனக்கே தெரியும்!”

“அறிவு அங்கிருந்துதான் தொடங்குகிறது, அரசே.”

ஆதிரையம்மை இரண்டு கிண்ணங்களையும் மாறி மாறிப் பார்த்தார். நெடுமொழியாரோ தனக்கு நேரம் வந்துவிட்டதென்று அந்துவன் பக்கம் திரும்பினார். “நாவன்மை படைத்தவர் சும்மா நிற்கலாமா? மன்னரின் வலியை இவரே விளக்கட்டும். உவமை சொன்னால் இன்றே எல்லை தாண்டட்டும்.”

மன்னர் முனகிக்கொண்டே தலையாட்டினார்.

அந்துவன் வாயைத் திறக்கவில்லை. வெளியே போனான். ஒரு தட்டில் ஊசியும், இரும்புக் கரண்டியில் நெருப்புத் துண்டும், ஓர் உருண்டை மாவும் கொண்டுவந்து மன்னர் முன் வைத்தான். அவன் பின்னால் சலவைக்காரர் இருவர் நனைந்த போர்வையோடு வந்தார்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, எதிரெதிராகத் திருகினார்கள். சிம்மாசனப் படியில் தண்ணீர் கொட்டியது.

மன்னர் ஊசியைப் பார்த்தார். நெருப்பைப் பார்த்தார். மாவைத் தள்ளி வைத்தார். போர்வையைக் கண்டதும் துள்ளி எழுந்தார்.

“அதுதான்! ஐயோ, அதேதான்!”

“ஓமக் கஷாயம்!” என்று ஆதிரையம்மை ஒரு கிண்ணத்தை நீட்டினார்.

நெடுமொழியார் குதித்தார். “சட்டவிரோதம்! இவன் செய்தது உவமை! மன்னரின் குடல் ஈரப்போர்வையைப் போல முறுக்கிக்கொள்கிறது என்கிறான்!”



“நான் ஒன்றுமே சொல்லவில்லையே, ஐயா” என்றான் அந்துவன். “சட்டம் தடுத்த சொல் இன்று இந்த அவையில் ஒருமுறைதான் கேட்டது. அதுவும் சிங்கத்தின் வாயிலிருந்து.”

மன்னர் கஷாயத்தை விழுங்கினார். சற்றுப் பொறுத்து நீளமாக ஓர் ஏப்பம் விட்டார். அதன் பின்னாலேயே சிரிப்பும் வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்து, சட்ட ஓலையைக் கிழித்தெறிந்து, தன் கழுத்து முத்துமாலையை அந்துவனுக்குப் போட்டார். “சரி, இந்த நெடுமொழியாரை நாடு கடத்திவிடலாமா?”

“எப்படி அரசே?” என்றான் அந்துவன். “ எந்த நாட்டிலிருந்து என்று ஓலையில் எழுதப் பெயரில்லையே. இருந்துவிட்டுப் போகட்டும்.”

அவை கலைந்தது. போகும் வழியில், ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து ஆதிரையம்மையை யாரோ கூப்பிட்டார்கள். நெடுமொழியார். முகமெல்லாம் வியர்வை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அம்மா... நானும் அந்தப் பலாச்சுளைதான். ஆனால் எனக்குப் போர்வை இல்லை. தொண்டை வரைக்கும் யாரோ சுண்ணாம்புக் காளவாய் மூட்டினது போல... அதற்குள்ளே ஒரு பூனை நகம் தீட்டுவது போல... அப்புறம் இந்த...”

“போதும் ஐயா” என்று ஆதிரையம்மை மற்றக் கிண்ணத்தை நீட்டினார். “முதலாவதிலேயே புரிந்துவிட்டது.”