இலை கோணிய அரிவாள்

"அவன் வந்தா என்னை வெட்டிப்போடுவான் தாயே," என்றார் ஆவுடையப்ப ஆசாரி.

மலையடிவாரத்து மடத்தில் இருந்த அம்மை அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் ஆசாரிக்கு அவர்தான் குரு. கீரை ஆய்ந்துகொண்டிருந்த கையை நிறுத்தாமல், "யாரு?" என்று கேட்டார்.

"கொம்பன்."

கொம்பன் வழிப்பறிக்காரன்.

அதுவரை ஏருக்குக் கொழு அடித்துக்கொண்டிருந்த ஆசாரி, அந்த வருஷம்தான் மனைவி கோமுவைத் துருத்தி ஊதவைத்து, கத்தி, அரிவாள் என்று புதுத் தொழில் ஆரம்பித்திருந்தார். ஒவ்வொன்றிலும் பிடிக்குப் பக்கத்தில் ஒரு வேப்பிலை முத்திரை. நாலு ஊருக்குப் பேர் பரவியது. பேர் நல்லவன் காதுக்கு மட்டுமா போகும்? கொம்பனும் வந்து சேர்ந்தான்.

"ஒரு அரிவாள் கேட்டான். மாட்டேன்னு சொல்லப் பயம். குடுத்தா எவன் தலை போகுமோன்னு அதுவும் பயம்."

"என்ன செஞ்சீரு?"

"சூட்டை அளவுக்கு மேல ஏத்தித் தண்ணில முக்கிட்டேன். பார்க்க லெச்சணமா இருக்கும். ஓங்கி ஒரு போடு போட்டா கண்ணாடி மாதிரி தெறிச்சிரும்."

"கெட்டிக்காரத்தனம்தான்."

"தெறிச்சா நேரா எங்கிட்டல்ல வருவான்? நாய் குரைச்சா எந்திரிச்சு உக்காந்துக்கிடுதேன். ஊரைவிட்டே போயிருவோம்னு சொல்லுதா கோமு. அடிச்சு வச்சிருக்கிற கத்தி அரிவாளையெல்லாம் வித்துட்டு வாரேன்னு இன்னைக்குச் சந்தைக்குப் போயிருக்கா."

அம்மை கீரையைத் தள்ளி வைத்தார். "முப்பிடாதி, ஆசாரிக்குச் சாப்பாடு போடணும். ஒரு தேங்காயை உடை," என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

மடத்தில் சமைக்கிற முப்பிடாதி, இடது உள்ளங்கையில் தேங்காயும் வலது கையில் அரிவாளுமாக வந்தாள். ஓங்கினாள்.

ஆசாரி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அரிவாளில் வேப்பிலை கோணலாக விழுந்திருந்தது. கொம்பன் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, கை நடுங்கி விழுந்த கோணல் அது.

"உடைஞ்சிரும் தாயி. மூஞ்சில தெறிக்கும்."

முப்பிடாதி அதைக் கீழே வைத்தாள்.

"கொம்பன் நேத்து வந்தான்," என்றார் அம்மை. "இனி இந்தப் பொழப்பு வேண்டாம்னு அழுதான். இதை வாசல்ல போட்டுட்டு வடக்கே போயிட்டான். உம்மைத் தேடி வரமாட்டான்."

ஆசாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். சிரிக்கக்கூடச் செய்தார்.

அம்மை அரிவாளை எடுத்து, அந்த இலையை விரலால் தடவினார்.

"அவன் வந்துட்டுப் போன பிறகு அடிச்சதுல எல்லாம் இலை நேரா விழுந்திருக்கா ஆசாரி?"

ஆசாரி தூணைவிட்டுத் துள்ளி எழுந்தார். அன்றிலிருந்து உலையைப் பார்த்தா இரும்பைக் காய்ச்சினார்? வாசலைப் பார்த்தல்லவா காய்ச்சினார். எத்தனை அரிவாளில் சூடு அளவு மீறியதோ!

தோளிலிருந்து துண்டு விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் சந்தையை நோக்கி ஓடினார்.